தடைக்கம்பம்

நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி பாதி தாண்டித்தான் ஃபின்மார்க்குக்குத் திரும்பும்.
இடையில் நண்பகலுக்கு ஒரு நீலம் வரும்,
துக்கம் கேட்க வந்தவரைப் போல
உட்காராமலே போய்விடும்.

கணவாயின் அடியில் எனக்கு வேலை.
சிவப்பும் மஞ்சளும் பூசிய கம்பம் ஒன்று.
புயல் என்றால் இறக்குவேன்,
பனிவாரி வந்தால் ஏற்றுவேன்.
நடுவில், காத்திருப்போரின் கண்ணாடியைத் தட்டி
மூன்று கேள்வி:
டீசல் இருக்கிறதா?
கம்பளி இருக்கிறதா?
கையுறை?

இதுவும், கம்பம் ஏறும்போது சொல்லும் நாலு வரியும்
எனக்குத் திக்காது.
மற்றதெல்லாம் திக்கும்.

ட்ரோம்சோவில் ஆறு வருடம் இறையியல் படித்தவள்.
எபிரேயம் வாசிப்பேன், கிரேக்கம் வாசிப்பேன்.
தேர்வுப் பிரசங்கத்தன்று
ஆண்டவர் என்ற சொல்லின் வாசலில் நின்றுவிட்டேன்,
உள்ளே போக முடியவில்லை.
முன்வரிசையில் யாரோ இருமினார்.
பேராயர் கனிவானவர், அதுதான் வலித்தது.
"கொஞ்சம் காத்திருங்கள், குட்வெய்க்."
பதினொரு குளிர்காலம் ஆயிற்று
அந்தக் கொஞ்சத்துக்கு.

அவர்மேல் கோபமில்லை.
மேலே இருப்பவர்மேல் இருந்தது.
ஜெபத்தை விடவில்லை;
பதில் வராத மனுவுக்கு
ரசீது எண்ணை மட்டும்
திரும்பத் திரும்பச் சொல்கிறவளைப் போலச்
சொல்லிவந்தேன்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின இரவு.
மேற்கிலிருந்து காற்று.
பதினாலு மணி நேரம் கம்பம் இறங்கியே கிடந்தது.
வரிசையில் ஒன்பது வண்டி:
மீன் லாரி,
தூங்கும் பிள்ளையோடு ஒரு பள்ளி ஆசிரியர்,
சீட்டாடிக்கொண்டு மூன்று லிதுவேனியத் தச்சர்கள்,
அப்புறம் யார் யாரோ.
ஐந்தாவது, ஒரு கறுப்பு வேன்.

தட்டினேன்.
டீசல் இருந்தது. கம்பளி இருந்தது.
கையுறை என்று கேட்டபிறகுதான்
பின்னால் பெட்டியைப் பார்த்தேன்.
"அஸ்லாக்குக்குப் போட்டுவிட்டேன்,
எனக்குத்தான் இல்லை" என்றாள் ரிஸ்தினா.
"ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் காத்திருந்தான்.
பார், இங்கேயும் வரிசை."

என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டாள்.
"ஏதாவது சொல்லேன்."

படித்ததெல்லாம் தொண்டைவரை வந்து
ஒன்றன்பின் ஒன்றாய் நின்றது.

என் கையுறைகளைக் கழற்றி
அவள் கையில் மாட்டினேன்.
இடது கட்டைவிரல் கிழிசல்.
அதற்கு மன்னிப்புக் கேட்கப் போய்
அதிலும் திக்கினேன்.
சிரித்துவிட்டாள்.
பிறகுதான் அழுதாள், வாயில் கிழிசலை வைத்துக்கொண்டு.

உள்ளே ஏறி உட்கார்ந்தேன்.
ஒரு மணி நேரம், இரண்டாகவும் இருக்கலாம்.
கண்ணாடியில் மூச்சு உறைந்தது.
ஜெபித்தேனா, தெரியாது.
கூட ஒருவர் இருந்தார் என்று எழுதினால்
நாளைக் காலையில் நானே நம்பமாட்டேன்.
எழுதுகிறேன்.
இருந்தார்.

விடிகாலை நாலு மணிக்கு
மலையிலிருந்து மஞ்சள் விளக்கு சுழன்றபடி இறங்கியது.
பனிவாரியைத் திருப்பிக்கொண்டு
ஹால்வார் ஹாரன் அடித்தான்.
சன்னல் சன்னலாகப் போனேன்.

"முன்னால் போகும் விளக்கை விட்டுக் கண்ணெடுக்காதீர்கள்.
பாதை தெரியாது, தெரியவும் வேண்டாம்.
விளக்கு நின்றால் நில்லுங்கள், இறங்கி நடக்காதீர்கள்.
யாரும் தனியாகத் திரும்பாதீர்கள்."

ஐந்தாவது சன்னலில்தான்
என் குரல் என் காதில் விழுந்தது.
ஓர் எழுத்தும் இடறாமல்
பதினொரு குளிர்காலமாய்
எதைச் சொல்லிக்கொண்டு நின்றேன் என்று.

ரிஸ்தினா தலையசைத்தாள்.
அவளுக்கு அது சாலை விதி.

கம்பத்தை ஏற்றினேன்.
சிவப்பு விளக்குகள் இரண்டிரண்டாய்
வெள்ளைக்குள் போயின.
சூரியனுக்கு இன்னும் பதினாலு நாள்.
விரல்கள் விறைத்து மரத்திருந்தன.

கம்பத்தை இறக்கிவிட்டுத் திரும்புகிறேன்,
பத்தாவதாக ஒரு வண்டி வந்து நிற்கிறது.
வெறுங்கையால் கண்ணாடியைத் தட்டுகிறேன்.